சமையலறைக் கேள்வி பதில்: கட்டி தட்டாத சாஸ், கருகாத மாவு

சென்ற இதழில், வேகவைத்த காலிஃப்ளவரின் மேல் ஊற்றிப் பரிமாறும் ஒயிட் சாஸின் செய்முறையை எழுதியிருந்தேன். 2 மேசைக்கரண்டி வெண்ணெய், 2 மேசைக்கரண்டி மைதா, 1 கப் பால், உப்பு, மிளகுத்தூள் என்ற எளிய கணக்குதான் அது. அதைச் செய்துபார்த்தவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகாரைத்தான் சொல்கின்றன. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதையும் கொழுப்பும் மாவும் சேர்த்துச் செய்யும் சாஸ்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

நீங்கள் எழுதியபடியே வெண்ணெயை உருக்கி, மைதாவைப் போட்டு, பாலை ஊற்றினேன். சாஸ் முழுவதும் கட்டி கட்டியாகிவிட்டது. மிக்ஸியில் அடித்துச் சமாளித்தேன். எங்கே தவறு நேர்ந்தது? (வாசகி, ஈரோடு)

அந்தக் கட்டிகளில் ஒன்றை எடுத்து விரலால் பிட்டுப் பார்த்திருந்தால் விடை அதற்குள்ளேயே கிடைத்திருக்கும். வெளியே வழவழப்பான தோல் இருக்கும், உள்ளே நனையாத வெள்ளை மாவு அப்படியே இருக்கும். மைதாவின் மாவுச்சத்துத் துகள்கள் ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் நீரை உறிஞ்சி உப்பத் தொடங்குகின்றன. நான்கு துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் சூடான பால் பட்டால், வெளிப்புறத்துத் துகள்கள் உடனே உப்பிக் கூழாகி ஒரு சுவரைப்போல் அடைத்துக்கொள்கின்றன. அதன்பின் எவ்வளவு நேரம் கிளறினாலும் உள்ளே இருக்கும் மாவுக்கு நீர் போய்ச் சேராது.

வெண்ணெயில் மாவை வறுப்பதன் முதல் நோக்கம் இந்தத் துகள்களைப் பிரித்துவைப்பதுதான். ஒவ்வொரு துகளின் மேலும் கொழுப்பு மெல்லியதாகப் படிந்துவிட்டால், பால் வந்து சேரும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே உப்பும். இது நமக்குப் புதிய சங்கதியே அல்ல. உப்புமாவுக்கு ரவையை நெய்யில் வறுக்காமல் நேரே கொதிநீரில் கொட்டினால் என்ன ஆகும் என்பதும், வறுத்துப் போட்டால் அது எப்படி உதிரியாக வரும் என்பதும் ஈரோட்டில் இருப்பவருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

உங்கள் தவறு பெரும்பாலும் பாலை ஊற்றிய விதத்தில்தான் இருக்க வேண்டும். "பாலை ஊற்றவும்" என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போன என் மீதும் குற்றம் உண்டு. வெண்ணெய் உருகி, அதிலுள்ள நீர் வற்றும்போது எழும் நுரை அடங்கியதும், தீயை நன்றாகக் குறைத்து மைதாவைச் சேருங்கள். இரண்டு நிமிடம் மரக்கரண்டியால் புரட்டிக்கொண்டிருந்தால், அது ஈர மணலைப்போல் ஒருமாதிரி குமிழிட்டுக்கொண்டிருக்கும். மாவின் பச்சை வாசனை போய், பேக்கரி வாசலில் நிற்பதுபோல் ஒரு பிஸ்கட் மணம் வரும். அப்போது பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுக் கால் கப் பாலை மட்டும் ஊற்றிக் கிளறுங்கள். அது உடனே இறுகி, சப்பாத்தி மாவைப்போல் பாத்திரத்தை விட்டு உருண்டு வரும். எல்லாம் கெட்டுவிட்டதென்று பயந்து மீதிப் பாலை முழுவதும் கொட்டிவிடும் கணமும் இதுதான், கட்டிகள் பிறக்கும் கணமும் இதுதான். பயப்படாமல் அந்த உருண்டையை மழமழவென்று ஆகும்வரை அழுத்தித் தேய்த்துவிட்டு, மேலும் கால் கப் ஊற்றி மறுபடியும் தேயுங்கள். இட்லி மாவுப் பதத்துக்கு வந்துவிட்ட பிறகு மீதிப் பாலைச் சேர்த்துக் கலந்து அடுப்பில் ஏற்றலாம். சூடான மாவில் ஆறிய பால், அல்லது ஆறிய மாவில் சூடான பால் என்ற விதியைச் சமையற்கலை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். நல்ல விதிதான் என்றாலும், கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றும் பொறுமை உள்ளவருக்கு அது கட்டாயமில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பால் வெதுவெதுப்பாகும்போது சாஸ் தண்ணீராகத்தான் இருக்கும். கொதிநிலையை நெருங்கும்போதுதான் அது முழுமையாகக் கெட்டிப்படும். அதுவரை காத்திராமல் "இன்னும் இறுகவில்லையே" என்று ஒரு கரண்டி மைதாவை மேலே தூவுகிறவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது சுவரொட்டி ஒட்டும் பசைதான். கொதி வந்த பிறகும் மிகக் குறைந்த தீயில் பத்து நிமிடம் வைத்திருந்தால்தான் நாக்கில் தட்டுப்படும் மாவுச் சுவை போகும். கட்டி தட்டிவிட்ட சாஸைக் கண்ணிச் சல்லடையில் வடிகட்டுவதே போதுமானது. மிக்ஸியில் நெடுநேரம் ஓடவிட்டால் உப்பிய துகள்கள் சிதைந்து, சாஸ் நீர்த்துப்போகும்.

ஒயிட் சாஸ் சாம்பல் நிறமாகிவிடுகிறது. ஏன்? (வாசகி, நாகர்கோவில்)

அலுமினியப் பாத்திரத்தில் கம்பிக் கரண்டியால் கிளறியிருப்பீர்கள். உலோகம் உராய்ந்து வெளிவரும் துகள்கள்தான் அந்த நிறம். அடி கனமான எவர்சில்வர் பாத்திரமும் மரக்கரண்டியும் இருந்தால் இது நேராது.

ஆங்கிலத்தில் கடைசியில் ஓர் எக்ஸ் எழுத்தைப் போட்டுவிட்டு "ரூ" என்று உச்சரிக்கிறார்களே, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? இது பிரெஞ்சுக்காரர்களின் கண்டுபிடிப்பா? (வாசகர், புதுச்சேரி)

அந்தச் சொல் பிரெஞ்சு மொழியில் செம்பழுப்பு நிறத்தைக் குறிக்கிறது. பழுப்பாகும்வரை காய்ச்சிய வெண்ணெயைக் குறித்த தொடரிலிருந்து நிறப்பெயர் மட்டும் தனியே நின்று, கொழுப்பில் வறுத்த மாவுக்குப் பெயராகிவிட்டது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டே "வெள்ளை ரூ" என்றும் சொல்கிறார்கள். நாம் கறுப்பாக இல்லாத பலகையையும் கரும்பலகை என்று சொல்லிக்கொண்டிருப்பதால் இதைக் கேலி செய்ய நமக்கு உரிமையில்லை.

இடைக்கால ஐரோப்பாவில் குழம்புகளை இறுக்குவதற்கு ரொட்டித் தூளையும் அரைத்த பாதாமையும்தான் பெரும்பாலும் பயன்படுத்தினார்கள். 1651இல் பிரான்சுவா லா வரென் என்ற பிரெஞ்சுச் சமையற்கலைஞர் வெளியிட்ட நூலில், பன்றிக் கொழுப்பில் மாவை வறுத்துச் சாஸை இறுக்கும் முறை தெளிவாக இடம்பெற்றிருக்கிறது. நாம் ஒயிட் சாஸ் என்று அழைக்கும் பெஷமெல், பதினான்காம் லூயி மன்னரின் அரண்மனைப் பொறுப்பில் இருந்த லூயி த பெஷமெய் என்ற செல்வந்தரின் பெயரைத் தாங்கியது. அவர் அடுப்படியில் நின்றவர் அல்லர். வெள்ளை ரூவில் பால் ஊற்றினால் பெஷமெல், சற்றே பொன்னிறமாக வறுத்த ரூவில் கோழிச் சாறு ஊற்றினால் வெலூத்தே, பழுப்பாக வறுத்ததில் மாட்டெலும்புச் சாறு ஊற்றினால் எஸ்பன்யோல் என்று, பிரெஞ்சுச் சமையலின் தாய்ச் சாஸ்களில் மூன்று நேரடியாக இந்த மாவின் நிறத்தைக் கொண்டே வகைப்படுகின்றன. ஆனால் இந்த முறையை ஒழுங்குபடுத்திய எஸ்கோஃபியே என்ற சமையற்கலைஞரே, சாஸை இறுக்கும் வேலையைச் செய்வது மாவிலுள்ள மாவுச்சத்து மட்டும்தான் என்பதால் ஒருநாள் சுத்தமான மாவுச்சத்தே இதன் இடத்தைப் பிடித்துவிடும் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருதினார். 1970களில் பிரெஞ்சு உணவகங்கள் மாவுச் சாஸ்களைக் கனமானவை என்று ஒதுக்கி, சாற்றை வற்றவைத்து இறுக்கும் முறைக்குத் திரும்பின. வீட்டுச் சமையலறைகளோ அதைக் கண்டுகொள்ளவில்லை.

இந்தச் சொல்லைப் பற்றி ஒரு சிறிய கிளைக்கதை. பெருநகரங்களின் பெரிய அங்காடிகளில் ஜப்பானியக் கறிக் கட்டிகள் சாக்லேட் வில்லைகளைப்போல் அடுக்கி விற்கப்படுகின்றன. அவற்றுக்கு ஜப்பானிய மொழியிலும் "ரூ" என்றே பெயர். இந்தியாவிலிருந்து கறிப்பொடியைக் கொண்டுபோன ஆங்கிலேயர்கள் தங்கள் வழக்கப்படி அதில் மாவைச் சேர்த்து இறுக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் வழியாகக் கறியை அறிந்துகொண்ட ஜப்பானியர்கள், மாவோடு சேர்த்தே அதை ஏற்றுக்கொண்டார்கள். நம் குழம்பில் ஒருநாளும் இல்லாத மைதா அங்கே கறியின் உடலாகிவிட்டது இப்படித்தான்.

வெண்ணெய்க்குப் பதில் நெய்யோ எண்ணெயோ சேர்க்கலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

சேர்க்கலாம். அளவை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். வெண்ணெயில் ஏறக்குறைய 80 விழுக்காடுதான் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி நீர். எனவே 50 கிராம் வெண்ணெய்க்கு 40 கிராம் நெய்யோ எண்ணெயோ போதும். பாலில் செய்யும் சாஸுக்கு நம்மூர் நெய்யின் மணம் சற்று மேலோங்கித் தெரியும், எனக்கு அது பிடிப்பதில்லை, பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். பழுப்பு நிறம் வரும்வரை வறுக்க வேண்டுமானால் எண்ணெயே நல்லது, ஏனென்றால் வெண்ணெயிலுள்ள பால் திடப்பொருள்கள் மாவு சிவக்கும் முன்பே கருகிவிடும். கடையில் வாங்கும் உப்பு வெண்ணெயில் செய்தால், உப்பைக் கடைசியில் சுவைபார்த்தே சேருங்கள்.

கரண்டிக் கணக்கையும் எடைக் கணக்கையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒரு மேசைக்கரண்டி மைதா 8 கிராம்தான் இருக்கும், அதே கரண்டியில் வெண்ணெய் 14 கிராம் இருக்கும். சமையற்கலைப் பள்ளிகளில் சொல்லும் "சம அளவு" என்பது எடையைக் குறிப்பது. வீட்டுக் குறிப்புகளில் வருவது கரண்டி அளவு, அதில் கொழுப்பு கூடுதலாக விழும். 1 கப் பாலுக்கு ஒரு மேசைக்கரண்டி மைதா சூப்பின் பதத்தையும், இரண்டு மேசைக்கரண்டி ஊற்றும் சாஸின் பதத்தையும், மூன்று மேசைக்கரண்டி கட்லெட்டுக்குப் பிசையும் பதத்தையும் தரும்.

லண்டனில் வசிக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வான்கோழி சுடும்போது, பொட்டலத் தூளைக் கரைக்காமல் முறையான கிரேவி செய்ய விரும்புகிறேன். (வாசகி, லண்டன்)

நம் உணவக அட்டையில் கிரேவி என்றால் வெங்காயம், தக்காளி, முந்திரி அரைத்த மசாலா. ஆங்கிலேயர் வீட்டில் கிரேவி என்பது இறைச்சி சுடும்போது தட்டில் வடிந்த கொழுப்பும் சாறும் தரும் சொந்தச் சாறு. அதனால் நீங்கள் வேறு எதையும் தேடிப்போக வேண்டியதில்லை, வான்கோழி இறங்கிய தட்டே உங்கள் பாத்திரம்.

பறவையை எடுத்துத் தனியே மூடிவைத்துவிட்டு, தட்டில் உள்ளதை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். மஞ்சள் கொழுப்பு மேலே தெளியும், பழுப்புச் சாறு கீழே தங்கும். கொழுப்பில் 3 மேசைக்கரண்டியை மட்டும் தட்டிலேயே திரும்ப ஊற்றி, தட்டை அடுப்பின் மேல் ஏற்றி, 3 மேசைக்கரண்டி மைதாவைத் தூவி, அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் பொருக்குகளோடு சேர்த்துச் சுரண்டிச் சுரண்டி வறுங்கள். கிரேவியின் சுவையில் முக்கால் பங்கு அந்தப் பொருக்குகளில்தான் இருக்கிறது. மாவு வேர்க்கடலைத் தோல் நிறத்துக்கு வந்ததும், குவளையில் தங்கிய சாற்றையும், கழுத்தெலும்பை வேகவைத்து எடுத்த நீர் 600 மில்லிலிட்டரையும் கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றிக் கிளறிக் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். பறவையை வெட்டும்போது பலகையில் வடியும் சாற்றையும் கடைசியில் ஊற்றிக்கொள்ளலாம். சுடும் முன் தட்டில் இரண்டு வெங்காயத்தைத் தடித்த வில்லைகளாகப் போட்டுவைத்தால் நிறமும் இனிப்பும் கூடும்.

ஒரே ஓர் எச்சரிக்கை உண்டு. தட்டின் அடி பழுப்பாக இல்லாமல் கருகிக் கறுத்திருந்தால் அதைத் தொடாதீர்கள். அந்தக் கசப்பை உப்பாலோ சர்க்கரையாலோ மறைக்க முடியாது. வேறு சட்டியில் வெண்ணெயில் தொடங்குங்கள்.

அமெரிக்காவின் லூசியானாவில் வேலை பார்க்கும் மகன் கம்போ என்ற குழம்பைப் பற்றிச் சொல்கிறான். மாவைச் சாக்லேட் நிறம் வரும்வரை வறுப்பார்களாம். கருகாதா? (வாசகி, மதுரை)

கருகும், அதனால்தான் அங்கே இதை வைத்து ஒரு சமையற்காரரை எடைபோடுகிறார்கள். எண்ணெயும் மாவும் சம அளவில் எடுத்து, கனமான இரும்புச் சட்டியில் மிதமான தீயில் முக்கால் மணி நேரம்வரை கையெடுக்காமல் கிளறுவார்கள். மாவு முதலில் தந்த நிறமாகவும், பின்பு வேர்க்கடலை விழுது நிறமாகவும், பிறகு செப்புக்காசு நிறமாகவும் மாறி, கடைசியில் சாக்லேட் நிறத்துக்கு வரும். கடைசி இரண்டு நிறங்களுக்கும் இடையே சில நிமிடங்கள்தான். அந்தப் பதத்தில் மணம் வறுத்த காப்பிக்கொட்டையை ஒத்திருக்கும். உடனே நறுக்கிய வெங்காயம், செலரித் தண்டு, குடைமிளகாய் மூன்றையும் அதில் கொட்டுவார்கள். காய்களின் ஈரம் சூட்டைத் தணித்து, வறுபடுவதை அங்கேயே நிறுத்திவிடும். கொட்டும்போது தெறிக்கும், ஒரு துளி கையில் ஒட்டினால் எளிதில் போகாது என்பதால் முழுக்கைச் சட்டை நல்லது.

நானும் ஒருமுறை இதைச் செய்தேன். செப்பு நிறத்தில் இருக்கும்போது தொலைபேசி ஒலித்தது, இரண்டு நிமிடம் பேசிவிட்டுத் திரும்பினேன், மாவில் மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கறும்புள்ளிகள். யாருக்கும் தெரியாதென்று எண்ணி, காலையிலிருந்து கொதிக்கவைத்திருந்த 3 லிட்டர் கோழிச் சாற்றை அதிலேயே ஊற்றினேன். மாலையில் அவ்வளவும் கழிவுநீர்த் தொட்டிக்குப் போயிற்று. புள்ளி தெரிந்த அந்த நொடியிலேயே கொட்டியிருந்தால், நட்டம் ஒரு கப் மாவும் ஒரு கப் எண்ணெயும்தான்.

இவ்வளவு வறுத்த மாவு நிறத்தையும் மணத்தையும் தரும், ஆனால் குழம்பை இறுக்கும் வலிமை அதில் மிகவும் குறைந்துவிடும், ஏனென்றால் மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகள் சூட்டில் அறுபட்டுவிடுகின்றன. அந்தக் குறையை அங்கே ஈடுசெய்ய வருவது உங்களுக்கு நன்கு அறிமுகமானது, வெண்டைக்காய்! அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களோடு லூசியானாவுக்குப் போன காய் அது. கம்போ என்ற பெயரே வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்ததாகும். வெண்டைக்காய் சேர்க்காதவர்கள் சசாஃப்ராஸ் மரத்தின் உலர்ந்த இலைத்தூளைப் பரிமாறும் நேரத்தில் தூவுவார்கள். நாம் வெண்டைக்காயின் கொழகொழப்பைப் போக்கப் புளி ஊற்றி வதக்குகிறோம், அவர்கள் அந்தக் கொழகொழப்புக்காகவே அதைப் போடுகிறார்கள்.

இரவில் கெட்டியாக இருந்த சாஸ், குளிர்பெட்டியில் வைத்துக் காலையில் எடுத்தால் நீர்த்திருக்கிறது. பால் கெட்டுப்போனதா? (வாசகி, திருச்சி)

இரண்டு விதமாக நீர்க்கும், எது என்று முதலில் பாருங்கள். சாஸ் இறுகித் தயிர்போல் வெட்டி, ஓரத்தில் நீர் மட்டும் தனியே பிரிந்திருந்தால், அது மாவுச்சத்து ஆறும்போது சுருங்கி நீரை வெளியே தள்ளியதன் விளைவு. மெதுவாகச் சூடாக்கிக் கிளறினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். உறையவைத்து எடுத்தால் இந்தப் பிரிவு இன்னும் மோசமாகும்.

முழுவதுமே தளர்ந்து தண்ணீராக இருந்தால், சொல்லக் கூச்சமாக இருக்கிறது, சுவைபார்த்த கரண்டியைக் கழுவாமல் மறுபடியும் சாஸிலேயே விட்டிருப்பீர்கள். நம் எச்சிலில் மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. ஆறிய சாஸில் அது சிறிதளவு கலந்தாலே போதும், விடியும்வரை அது வேலை செய்துகொண்டேயிருக்கும். முட்டை மஞ்சள்கருவிலும் இதே வகை நொதி உண்டு என்பதால்தான், மாவும் மஞ்சள்கருவும் சேரும் கஸ்டர்டைக் குமிழ் வரும்வரை கொதிக்கவிட வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ சேர்த்து நெடுநேரம் கொதிக்கவைத்தாலும் சாஸ் தளரும், ஆகையால் புளிப்பை இறக்கும் முன் சேர்ப்பதே முறை.

மைதாவுக்குப் பதில் சோள மாவு போடலாமா? எங்கள் வீட்டில் ஒருவருக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது. (வாசகர், சேலம்)

கடையில் கார்ன்ஃப்ளவர் என்று கேட்டு, வெண்ணிறமான, விரலில் தேய்த்தால் கிறீச்சிடும் மாவை வாங்குங்கள். மக்காச்சோள மாவு என்று மஞ்சளாக விற்பது ரொட்டி தட்டும் மாவு, அது இதற்குப் பயன்படாது. கார்ன்ஃப்ளவரில் மாவுச்சத்து மட்டுமே இருப்பதால், 2 மேசைக்கரண்டி மைதா செய்யும் வேலையை 1 மேசைக்கரண்டியே செய்துவிடும். அதை வறுக்க வேண்டியதில்லை. ஆறிய நீரில் கரைத்து, கொதிக்கும் சாறில் ஊற்றி, ஒரு நிமிடம் கொதித்ததும் இறக்கிவிடலாம். சாம்பார் நீர்த்துவிட்டால் அரிசி மாவைக் கரைத்து விடுகிறோமே, அதே வழிதான். அங்கே துகள்களைப் பிரித்துவைக்கும் வேலையைக் கொழுப்புக்குப் பதில் பச்சைத் தண்ணீர் செய்கிறது. இப்படிச் செய்த சாஸ் பளபளப்பாகவும் சற்றுக் கண்ணாடிபோலவும் இருக்கும், வறுத்த மாவின் மணம் இருக்காது. அந்த மணம் வேண்டுமென்றால் அரிசி மாவையே வெண்ணெயில் வறுத்துப் பாருங்கள். பால் சாஸுக்கு அது நன்றாகவே அமைகிறது.

கோதுமை ஒவ்வாமை மருத்துவர் உறுதிசெய்த ஒன்றாக இருந்தால், மைதாவை மாற்றுவதோடு வேலை முடியாது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது உண்டு, சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை இருக்கும். பொட்டலத்தின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் பொருள்களின் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள்.